துளி சிந்தாமல் தாங்கும் கைக்கலம்

மார்க்கத்திலும் சமுதாயத்திலும் பேசவேண்டிய பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்க, கையில் வழியும் ஒரு துளியைப் பற்றிக் கட்டுரை எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவன்தான். என்னிடம் ஓதவந்த ஒரு சிறுவனும், என் தந்தையாரும் அவ்வெண்ணத்தை மாற்றினார்கள்.

கோடைக்காலத்தில் ஒரு நாள். அஸருக்குப் பின் சிறுவர்கள் ஓத உட்கார்ந்திருந்த வேளை. ஏழு வயதுப் பிள்ளை ஒருவன் கையில் குச்சி ஐஸுடன் உள்ளே வந்துவிட்டான். வெயிலில் உருகிய ஐஸ் அவன் முழங்கை வரை வழிந்து, பாயிலும், பக்கத்திலிருந்த ரைஹால் பலகையிலும் சிவப்பாகச் சொட்டியது. நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பாக அவனைக் கடிந்துகொண்டேன். கடிந்தேன் என்பதைவிடச் சுடுசொல் சொன்னேன் என்பதே உண்மை. பாயைத் துடைக்க ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்பிள்ளை ஓத வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தான். கையில் பாதிச் சிரட்டை ஒன்று. தேங்காயின் மூன்று கண்களில் மென்மையாக இருக்கும் ஒரு கண்ணைக் குத்தித் திறந்து, அதன் வழியே ஐஸ் குச்சியைச் செருகி, சுற்றியிருந்த இடைவெளியை ஓலைத்துண்டால் அடைத்திருந்தான். பிடிக்கும் கை கீழே, உருகும் ஐஸ் மேலே, சொட்டும் நீர் நடுவிலிருந்த சிரட்டைக்குள்.

“ஹஜ்ரத், இனிமே பாயிலே சிந்தாது” என்றான்.

எனக்கு நாணமாக இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் சிறுநீர் கழித்துவிட்ட நிகழ்ச்சியை எத்தனை முறை பாடமாகச் சொல்லியிருக்கிறேன்! அதட்டப் பாய்ந்த தோழர்களைத் தடுத்து, அவர் முடிக்கும் வரை விட்டுவிடச் செய்து, பின்னர் ஒரு வாளி நீரை அவ்விடத்தில் ஊற்றச் சொன்னார்கள் அண்ணலார். அசுத்தத்திற்கே அந்த நயம் என்றால், வெறும் சர்க்கரைத் தண்ணீருக்கு நான் காட்டிய கடுமை எங்கே சேர்ந்தது? உணவுக்கறை நஜீஸ் அன்று. அது கழுவினால் போகும் அழுக்கு; அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் நானே அதை மறந்தேன்.

பனை கற்றுத்தந்த பாடம்

துளியைத் தாங்கும் கைக்கலங்கள் இன்று சிலிக்கோன் என்னும் இரப்பர் போன்ற பொருளில் செய்யப்பட்டுக் கடைகளில் விற்கின்றன. ஐஸ் குச்சிக்கு ஒன்று, கூம்புக்கு ஒன்று எனப் பல வகைகள். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவருவதும் உண்டு. இவை பயனற்றவை என்று நான் கூறமாட்டேன். ஆனால் புதியவை என்று எவரேனும் கூறினால், அவரை உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனைகளின் அடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பதநீர்க் காலத்தில் அங்கே குடிப்பதற்குக் குவளை கேட்பாரில்லை. பச்சைப் பனையோலையில் ஒரு பாகத்தை எடுத்து, அதன் மடிப்புகளை விரித்து, நுனிகளை ஒன்றுசேர்த்து, அதே ஓலையின் நாரால் ஒரு கட்டு. பட்டை ஆயத்தம். இரு கைகளிலும் அதை ஏந்தி, பதநீரை ஊற்றச் சொல்லி, அதில் நுங்கையும் போட்டுக்கொண்டு, விளிம்பில் வாய்வைத்துப் பருகுவோம். நுங்கு வழுக்கும், பதநீர் தளும்பும், ஆனால் சட்டையில் சொட்டாது. காரணம் எளிது. ஓலையின் மடிப்புகள் கிழியாமல் ஒன்றோடொன்று தொடர்ந்திருப்பதால் பட்டையின் அடியில் இணைப்பே இல்லை. சேர்த்துக் கட்டிய இடம் நீர்மட்டத்திற்கு மேலே முனையில் இருக்கிறது. இணைப்பை அடியில் வைத்தால் ஒழுகும், மேலே வைத்தால் ஒழுகாது. எந்தத் தொழிற்கல்லூரியிலும் பயிலாத பனையேறிகள் கண்டறிந்து வைத்த உண்மை இது. யாழ்ப்பாணத்தாரும் இதே ஓலையில் ‘பிளா’ என்னும் கலம் கோலிக் கூழ் குடிப்பர். கிணற்றில் நீர் இறைக்க ஓலையிலேயே தோண்டி முடைந்ததும் நம் முன்னோர் வழக்கமே.

அந்தப் பதநீர் கிடைப்பதும் ஒரு துளி தாங்கியால்தான். பாளையின் நுனியைச் சீவிவிட்டு அதன்கீழ்க் கலயத்தைக் கட்டுகிறார்கள். இரவெல்லாம் துளித்துளியாகச் சொட்டி அது நிறைகிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிப்பேறாமல் பதநீராக நிற்கிறது. தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே துளி. தாங்கும் கலத்தில் பூசிய சுண்ணாம்பே ஒன்றை ஹலாலாகவும் மற்றொன்றை ஹராமாகவும் பிரித்துவிடுகிறது. பிள்ளைகளின் உள்ளமும் இத்தகைய கலம்தான் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. அவர்கள் செவியில் விழும் சொல் நல்லதாக நிற்பதும் புளித்துப்போவதும் நாம் உள்ளே என்ன பூசி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஸுஃப்ராவும் ழர்ஃபும்

உண்ணும்போது சிந்துவதைத் தாங்க நம் சமுதாயத்தார் விரிக்கும் விரிப்பைச் ‘சுப்ரா’ என்கிறோம். அரபியில் ‘ஸுஃப்ரா’. முதலில் இச்சொல் பயணிகள் எடுத்துச்செல்லும் கட்டுச்சோற்றைக் குறித்தது. பிறகு அச்சோற்றைச் சுற்றிக் கையில் எடுத்துச்செல்லும் தோலையும், அதையே பிரித்துத் தரையில் விரித்து உண்ணும்போது அவ்விரிப்பையும் குறிக்கலாயிற்று. போகும்போது பை, அமர்ந்தால் விரிப்பு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உயர்ந்த மேசையில் உண்டதில்லை, ஸுஃப்ராவிலேயே உண்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

கி.பி. 622இல் ஹிஜ்ரத்தின்போது, பெருமானாருக்கும் தம் தந்தையாருக்கும் ஆயத்தம் செய்த வழியுணவைக் கட்டக் கயிறு கிடைக்காமல், தம் இடைக்கச்சையையே கிழித்துக் கட்டினார்கள் அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள். அதனால் ‘இரு கச்சையுடையார்’ என்ற சிறப்புப் பெயரும் பெற்றார்கள். உணவு சிந்தாமல் போய்ச்சேர வேண்டும் என்ற ஒரு பெண்மணியின் அக்கறை வரலாற்றில் பெயராகவே நிலைத்துவிட்டது. இதைச் சிறிய விஷயம் என்று எவர் சொல்வார்?

நஹ்வு இலக்கணம் ஓதியவர்கள் ‘ழர்ஃப்’ என்ற சொல்லை அறிவார்கள். செயல் நிகழும் காலத்தையும் இடத்தையும் காட்டும் சொல் அது. அகராதிப் பொருளில் அது ‘கலம்’, ‘உறை’. உதுமானியப் பேரரசின் காலத்தில் காபியைப் பிடியில்லாத சிறு கிண்ணத்தில் பரிமாறினார்கள். சூட்டினால் விரல் சுடும். தளும்பினால் கை நனையும். ஆகவே அக்கிண்ணத்தைப் பித்தளையிலோ வெள்ளியிலோ செய்த மற்றொரு தாங்கிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அத்தாங்கியின் பெயரும் ழர்ஃப்தான். நம் ஊர் உணவு விடுதிகளில் காபிக் குவளைக்கு அடியில் வரும் டவராவும் அதே வேலையைச் செய்கிறது.

ஐஸ்கிரீமுக்குரிய கூம்பின் கதையும் இவ்வகையினதே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய இத்தாலோ மார்க்கியோனி என்பவர், உண்ணத்தக்க கிண்ணங்களை வார்க்கும் அச்சுக்கு 1903 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு செயின்ட் லூயி நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் கூம்பு பெரும்புகழ் பெற்றது. அங்கே ‘ஸலாபியா’ என்னும் பணியாரத்தை விற்ற சிரியா நாட்டவரான எர்னஸ்ட் ஹம்வி, பக்கத்துக் கடையில் ஐஸ்கிரீம் கிண்ணங்கள் தீர்ந்துபோனபோது தம் பணியாரத்தைச் சுருட்டிக் கொடுத்தார் என்றொரு செய்தி உண்டு. அப்பெருமைக்கு உரிமை கொண்டாடியோர் வேறு சிலரும் இருந்தனர். யாராயினும், தாங்கும் கலத்தையே தின்றுவிடச் செய்த அந்த யோசனையில் கழுவ வேண்டியதும் இல்லை, எறிய வேண்டியதும் இல்லை.

துறைமுகத்திலும் கடலடியிலும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்தவர்கள் என் தந்தையார். கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் குழாயை இணைக்கும் இடத்தின்கீழ் ஒரு பெரிய தட்டு இருக்கும் என்றும், இணைப்பிலிருந்து கசியும் எண்ணெய் கடலில் விழாமல் தாங்குவதே அதன் பணி என்றும் எனக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கொள்ளும் கப்பலுக்கும் துளி தாங்கி வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான கருவியை முத்துக்குளித்தவர்கள் வைத்திருந்தார்கள். மூழ்குபவர் சிப்பிகளைச் சேர்க்கும் வலைப்பை நீரை விட்டுவிட்டுச் சிப்பியைப் பிடித்துக்கொள்ளும். எதை விடவேண்டும், எதைப் பிடிக்கவேண்டும் என்று அறிந்து கலத்தை அமைப்பதே கைவினை. இக்கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. 1973இல் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். வலைப்பையுடன் மூழ்கியவர்களின் தலைமுறை மறைந்துவருகிறது.

வாப்பாவின் கை

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

என் தந்தையாருக்கு வயது எழுபதைத் தாண்டியபின் கைநடுக்கம் வந்தது. வீட்டில் உண்ணும்போதே கவளம் வாய்க்குச் செல்லும் முன் சிந்தும்; ஆணத்தின் துளிகள் வெள்ளைச் சட்டையில் விழும். சிறிது சிறிதாக விருந்துகளுக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார்கள். ‘உடல்நலமில்லை’ என்று சொல்லியனுப்புவார்கள். எங்கள் கடற்கரை ஊர்களின் கல்யாண விருந்து சஹனில் அல்லவா? ஊருக்கு ஊர் இருவராகவோ, நால்வராகவோ, அறுவராகவோ ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம். ‘என் கையிலிருந்து விழுவது அடுத்தவர் சோற்றில் விழுமே’ என்ற கூச்சமே அவர்களை வீட்டில் அடைத்துவைத்தது என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. ரமளானில் பள்ளிவாசலில் கஞ்சி குடிப்பதையும் விட்டு வீட்டிலேயே நோன்பு திறக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது.

சஹனில் உண்ணும் ஒழுங்கைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சிறுவருக்குத்தான் கற்றுக்கொடுத்தார்கள். உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள் சிறுபிள்ளையாய் இருந்தபோது அவருடைய கை தட்டெங்கும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் கூறவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு முன்னிருப்பதிலிருந்து எடுக்கவும் அன்போடு சொல்லிக்கொடுத்தார்கள். கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் தூசியைத் துடைத்து உண்ணுமாறும், பரக்கத் உணவின் எப்பகுதியில் உள்ளது என்பதை நாம் அறியோம் என்றும் அவர்கள் போதித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சிந்துவது மனித இயல்பு என்பதை ஏற்றுக்கொண்டு, சிந்தியதைக் கண்ணியத்தோடு எடுக்கும் வழியைக் காட்டிய மார்க்கம் நம்முடையது. சிந்தியவரை முறைத்துப் பார்க்கும் வழக்கம் நாமாக உண்டாக்கிக்கொண்டது.

அந்தச் சிறுவனின் சிரட்டையை நினைத்துக்கொண்டு, நான் அகலமான ஒரு சிரட்டையைத் தேர்ந்து, நாரை நீக்கி, உள்ளும் புறமும் கண்ணாடித்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அதன் கண்கள் திறவாமல் பார்த்துக்கொண்டேன். இடக்கையில் அதை ஏந்தி, உண்ணும் வலக்கையின்கீழ் வைத்துக்கொள்ளுமாறு வாப்பாவிடம் கொடுத்தேன். “சின்னப் பிள்ளை விளையாட்டா?” என்று முதலில் ஒதுக்கினார்கள். அதை ஆயத்தம் செய்த கதையையும், அதற்குக் காரணமான பிள்ளையையும் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் சென்று நெருங்கிய உறவில் ஒரு நிக்காஹ். வாப்பா வந்தார்கள். சஹனில் அவர்களுக்கு இணையாக நான் அமர்ந்தேன். சிரட்டை பெரும்பாலானவற்றைத் தாங்கிக்கொண்டது, எல்லாவற்றையும் அன்று. சுப்ராவில் விழுந்த ஒரு கவளத்தை அவர்களே எடுத்துத் துடைத்து உண்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்த அந்த நல்லவர்களுக்கு அல்லாஹ் அருள்புரிவானாக.

இல்லத்தாருக்குச் சில குறிப்புகள்

கைநடுக்கம் எல்லாம் ஒன்றன்று. பாத்திரத்தைத் தூக்கும்போது, எழுதும்போது மிகுதியாகும் நடுக்கம் ஒரு வகை. கை சும்மா இருக்கும்போது தோன்றி, உடல் இறுக்கமும் அசைவில் மந்தமும் சேர்ந்து வருவது நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் அதை விவரித்து எழுதியதால் அப்பெயர் வந்தது. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும், சில மருந்துகளாலும் கை நடுங்கும். ஆகவே ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது முதற்கடமை.

உண்ணும் வேளைக்குச் சில எளிய வழிகள் உண்டு. கோப்பையைப் பாதி மட்டும் நிரப்புங்கள். இரு பக்கமும் பிடியுள்ள கோப்பை நல்லது. மெல்லிய கரண்டியைவிடக் கனமான கரண்டி நடுங்கும் கைக்கு ஏற்றது. தட்டை உயரமான பலகைமேல் வைத்தால் கவளம் செல்லும் தூரம் குறையும். முழங்கையை விலாவோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தட்டின் அடியில் ஈரத்துணியை விரித்தால் அது நகராது. கிண்ணத்தின் விளிம்பு உள்வளைந்திருந்தால் சோறு வெளியே தள்ளப்படாது. இவற்றினும் மேலாக, அவர்களுக்கு நேரம் கொடுங்கள். உண்ணும்போது அவர்கள் கையை உற்று நோக்காதீர்கள்.

எறிந்துவிடும் கலம்

துளியைத் தாங்கவென்று நாம் இன்று எடுத்துக்கொண்ட மற்றொரு வழி கவலை தருகிறது. விருந்துக்குப் பிளாஸ்டிக் சுப்ரா, கஞ்சிக்குப் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, பதநீருக்கும் பிளாஸ்டிக் குவளை. உண்டு முடித்ததும் அப்படியே சுருட்டி எறிந்துவிடுகிறோம். சுப்ராவில் விழுந்த சோறும் அதோடு போகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இத்தகைய ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் தடைசெய்யப்பட்டுள்ளன. உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அத்தடையில் அடங்கும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்குமான தடையும் வந்தது. சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை.

நம் ஊர்களின் குப்பை எங்கே செல்லும் என்று எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை பரந்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என அறிவித்தார்கள். 1989இல் அவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. முத்துச்சிப்பியும் சங்கும் கடற்பசுவும் வாழும் கடல் அது. நம் சட்டையில் துளி விழாதிருக்க, அக்கடலில் குப்பை விழவேண்டுமா? உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது திருமறை ‘அல்அஃராஃப்’ அத்தியாயத்தில் நமக்கு இட்டிருக்கும் கட்டளையன்றோ?

துணிச் சுப்ராவைத் துவைத்து மீண்டும் விரிக்கலாம். ஓலைப் பட்டை மண்ணில் விழுந்தால் மண்ணாகும். அதை வாங்கினால் ஒரு பனையேறியின் வீட்டில் அடுப்பெரியும். சிரட்டை நம் சமையலறையிலேயே கிடக்கிறது. சமுதாயப் பெரியவர்களும் திருமண வீட்டாரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் அடுத்த விருந்திலிருந்தேனும் இதைச் சிந்திக்கலாம்.

அந்தச் சிறுவன் இப்போது குர்ஆன் ஓதத் தொடங்கிவிட்டான். அவனுடைய சிரட்டை என் வகுப்பறை மாடத்தில் இருக்கிறது. கோபம் வரும் வேளைகளில் அதைப் பார்த்துக்கொள்கிறேன். நம் கைகளிலிருந்து சிந்துவதை நாம் தாங்கிக்கொள்வதுபோல, பிறர் கைகளிலிருந்து சிந்துவதையும் தாங்கிக்கொள்ளும் விரிந்த உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.